பட்டாளத்து நர்ஸ்: டெல்டாவிலிருந்து யாராவது போனார்களா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர், 9 ஜூன் 2023

இரண்டாம் உலகப் போருக்கு நம் பக்கத்து ஆம்பளைகள் பட்டாளத்தில் சேர்ந்து போன கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. பெண்கள் போனார்களா? ராணுவ நர்ஸாகப் போனதெல்லாம் வெள்ளைக்காரிகள், சட்டைக்காரிகள் (ஆங்கிலோ-இந்தியப் பெண்கள்), மலையாளத்துக் கிறிஸ்தவப் பெண்கள்தான், காவிரித் தண்ணீர் குடித்தவள் ஒருத்திகூடப் போயிருக்க மாட்டாள் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு

ஒருத்தி போனாள் என்று உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள். என் அத்தைப்பாட்டி, தாத்தாவின் கடைசித் தங்கை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். லெப்டினன்ட். பர்மா முனைக்குப் போனவர். மெடல் என் பீரோவில் இருக்கிறது. மீதி நாளைக்கு, கடை அடைக்கிற நேரம்.

10 ஜூன்

படம் ஒன்று இருக்கிறது, ஸ்டுடியோவில் எடுத்தது. வெள்ளை உடுப்பு, தலையிலிருந்து முதுகுப் பக்கம் விரிந்து விழும் வெள்ளைத் துணி. கையில் கடிகாரம் கிடையாது, மார்பில் குத்தியிருக்கிறது. நர்ஸுகள் கையில் கடிகாரம் கட்டுவதில்லை என்பதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா.

1942-இல் சேர்ந்தார், 1946-இல் ஊர் திரும்பினார். அந்தப் படத்தை எங்கள் வீட்டில் யாரும் மாட்டவில்லை. கொள்ளுத்தாத்தா படம், தாத்தா படம், வேளாங்கண்ணி மாதா, அந்தோணியார், தாத்தா வாங்கிய டிராக்டர்கூட மாலையோடு சுவரில் இருந்தது. இது மட்டும் டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நர்ஸ் வேலை என்றால் அன்றைக்கு அந்நிய ஆம்பளையைத் தொடுகிற வேலை, அசிங்கம் அள்ளுகிற வேலை. வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்) வீட்டில் இதெல்லாம் சுலபமாக இருந்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சுலபமாவது! "கன்னியாஸ்திரியாப் போறதுன்னா போ, நர்ஸாப் போவாத" என்றாராம் கொள்ளுத்தாத்தா. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போனதையே ஊரில் 'டீச்சருக்குப் படிக்கிறாள்' என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

11 ஜூன்

திருவாரூர் நண்பர் ஒருவர் கேட்டார்: லெப்டினன்ட் என்கிறீர்களே, தாளில் அப்படி இருக்கிறதா? பெட்டியைத் திறந்து பார்த்தேன். இல்லை. இருப்பது ஒரே ஒரு விடுவிப்புத் தாள், மடிப்பில் கிழிந்தது. அதில் 'ஆக்ஸிலரி நர்சிங் சர்வீஸ்' என்றிருக்கிறது. லெப்டினன்ட் என்பது என் அப்பா போட்ட பதவி போலிருக்கிறது.

லெப்டினன்ட் பதவி இருந்த ராணுவ நர்ஸ் சேவையும் இந்தத் துணைச் சேவையும் வேறு வேறு. 1888-இல் பம்பாயில் வந்து இறங்கிய வெள்ளைக்கார நர்ஸுகளிலிருந்து இங்கே பட்டாள நர்ஸ் சேவை தொடங்கியது. இந்திய ராணுவ நர்ஸ் சேவை என்று தனியாக உருவானது 1926-இல். போர் நடுவே, 1943-இல், ஒரு அவசரச் சட்டம் போட்டு அதன் நர்ஸுகளை அதிகாரி நிலைக்கு உயர்த்தினார்கள். ஆனால் போர் வந்தபோது இருந்த நர்ஸுகள் எந்த மூலைக்கும் போதவில்லை. அதனால் துணைச் சேவை ஒன்றைத் திறந்து, சில மாதப் பயிற்சி கொடுத்துப் பெண்களைச் சேர்த்தார்கள். அத்தைப்பாட்டி அதில்தான். போர் முடிந்தால் வீட்டுக்கு. பென்ஷன் கிடையாது.

12 ஜூன்

இன்று மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். அத்தைப்பாட்டி பட்டாளத்துக்குப் போன கதையை அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும், நான் படத்திலிருந்து தொடங்கிவிட்டேன்.

கும்பகோணம், மாயவரம் ஆட்களுக்கு ஒரு விஷயம். நீங்கள் கரிகாலன் காலத்து டெல்டா. நாங்கள் 1934-இல் டெல்டா ஆனவர்கள். அந்த ஆண்டு மேட்டூர் அணை திறந்து, கல்லணையிலிருந்து புதாறு வெட்டித் தண்ணீர் வந்த பிறகுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லாம் முப்போகம் பேச ஆரம்பித்தன. அதுவரை ஏரி, குளம், மானாவாரி, வானத்தைப் பார்த்த பிழைப்பு.

தண்ணீரோடு சேர்ந்து குளிர்காய்ச்சலும் வந்தது. வாய்க்கால் வெட்ட மண் எடுத்த குழிகள், கசிவுநீர் தேங்கிய பள்ளங்கள், அதிலெல்லாம் கொசு. குன்னூர்ப் பக்கமிருந்து டாக்டர்கள் வந்து முகாம் போட்டார்கள். ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரசல் என்ற அமெரிக்க டாக்டர் பட்டுக்கோட்டை வட்டாரத்து மலேரியாவைப் பற்றி எழுதிய ஆய்வுகள் இன்றும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன. நம் ஊரில்தான் யாருக்கும் தெரியாது. இவ்வளவு தண்ணீர் நிற்கும் பழைய டெல்டாவில் மலேரியா குறைவு, புதிதாகத் தண்ணீர் வந்த எங்கள் பக்கத்தில் அதிகம். அது ஏன் என்பதுதான் அவர்களைக் குடைந்த கேள்வி. அனாபிலிஸ் கூலிசிபேசீஸ் என்ற கொசு. நட்ட வயலில் பயிர் ஒரு அடி உயரம் வளர்ந்துவிட்டால் அந்தக் கொசு அங்கே முட்டையிட வராது என்று இந்த வட்டாரத்து வயல்களில்தான் கண்டுபிடித்தார்கள். போர் வந்ததும் ரசல் அமெரிக்க ராணுவத்தின் மலேரியா வேலைக்குப் போய்விட்டார்.

அத்தைப்பாட்டிக்கு அப்போது பதிமூன்று, பதினான்கு வயது. மாதா கோயில் வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒரு டாக்டர் இடது விலாவுக்கு அடியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே போனாராம். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இவருக்கு வீங்கியிருந்தது. பிற்பாடு எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியைத் தொடமாட்டார், விரல் நேராக விலாவுக்குத்தான் போகும். கூச்சத்தில் நாங்கள் நெளிவோம்.

ஆகவே, உங்கள் மாமாவுக்கு: காவிரித் தண்ணீர் குடித்ததால்தான் அவர் போனார்.

14 ஜூன்

மருந்துக்கடைக்காரன் சரித்திரம் எழுதுகிறான் என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். சரி. மாத்திரை என்று வரும்போது நான் சொல்வதைக் கேளுங்கள், மற்றதில் சந்தேகப்படுங்கள்.

19 ஜூன்

பெரிய திருத்தம். முதல் நாள் 'பர்மா முனை' என்று எழுதினேன். மெடலில் 'பர்மா ஸ்டார்' என்று இங்கிலீஷில் தெளிவாக இருக்கிறது, ஆறு முனை நட்சத்திரம், நடுவே கிரீடம். வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மெடலுக்குப் பர்மாவுக்குள் கால் வைத்திருக்க வேண்டியதில்லையாம். 1942 மே முதல் வங்காளத்திலும் அசாமிலும் வேலை பார்த்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அத்தைப்பாட்டி இருந்தது கொமில்லா. இன்றைக்கு வங்கதேசம். பர்மா முனையில் ஜப்பானியரோடு மோதிய பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம்மின் பதினான்காவது படைக்கு அங்கேதான் தலைமையகம், பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளும் அங்கே. பக்கத்தில் மைனாமதியில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் அவர் வாயால் 'பர்மா' என்று நான் கேட்டதே இல்லை. 'கும்மில்லா' என்பார். "ஊரு பூரா கொளம். கும்மோணம் தோத்துப் போவும்." நாங்கள்தான் பர்மா, பர்மா என்று சொல்லிச் சொல்லி அவரை எல்லை தாண்டி அனுப்பிவிட்டோம்.

மெடலில் நாடா இல்லை. வெறும் நட்சத்திரமும் வளையமும்தான். பூச்சி அரித்துவிட்டது போலும்.

20 ஜூன்

'குண்டு விழாத இடத்தில் இருந்தவரா?' என்று கேட்டவருக்கு. அந்தப் போரில் நர்ஸுகள் செத்தே போயிருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 16, சுமத்ராவுக்குப் பக்கத்தில் பாங்கா தீவு. கப்பல் மூழ்கிக் கரையேறிய 22 ஆஸ்திரேலிய நர்ஸுகளைக் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து ஜப்பானியர்கள் சுட்டார்கள். பிழைத்தது விவியன் புல்விங்கிள் ஒருவர்தான். 1944 பிப்ரவரி 12, மாலத்தீவுக்குப் பக்கத்தில் 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பல், மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்தது. நீர்மூழ்கி அடித்ததில் இரண்டு நிமிடத்துக்குள் போய்விட்டது. 1,297 பேர். அதில் 77 பெண்கள், பெரும்பாலும் நர்ஸுகள். போதுமா?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

2 ஜூலை

பத்து நாள் எழுதவில்லை. நாற்றங்கால் வேலை, கடையில் பையன் லீவு.

அத்தைப்பாட்டியின் வார்டில் காயக்காரர்கள் குறைவு. அதைச் சொன்னால் கேட்பவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது, எனக்கே முதலில் சுருங்கியது. ஸ்லிம்மே எழுதியிருக்கிறார்: 1943-இல் காயம்பட்டு ஒருவன் பின்னால் அனுப்பப்பட்டால், நோயில் விழுந்து 120 பேர் அனுப்பப்பட்டார்கள். முக்கால்வாசி மலேரியா, வயிற்றுக்கடுப்பு, உண்ணிக்காய்ச்சல். ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனதும் மலேரியா மருந்தான கொயினா வரத்து நின்றுபோனது. அதனால் மெப்பக்ரீன். மஞ்சள் மாத்திரை, தினம் ஒன்று. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. தோலே மஞ்சளாகிவிடும். அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று பட்டாளம் முழுக்க வதந்தி. நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அப்புறம் துப்பிவிடுவார்கள். வரிசையாக நிறுத்தி, விழுங்கும்வரை ஆள் நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஒழுங்காகக் கொடுக்காத படைப்பிரிவுத் தலைவர்கள் மூன்று பேரை ஸ்லிம் வீட்டுக்கு அனுப்பினார், அப்புறம் மற்றவர்கள் திருந்திக்கொண்டார்கள்.

இன்னொரு உத்தரவு: பொழுது சாய்ந்தால் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும். 1998-இல் சாகும்வரை அத்தைப்பாட்டி ஆறு மணிக்கு மேல் முழுக்கை ரவிக்கைதான். சித்திரை மாதத்துப் புழுக்கத்திலும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒருவர்தான். கல்யாண வீட்டில் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒரு கதை. வார்டின் கடைசியில் காவல் போட்ட கட்டில்கள் இருந்தன, ஐஎன்ஏ (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கைதிகளுக்கு. அதில் ஒரு பையன், மலாயா ரப்பர்த் தோட்டத்து ஆள், பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம். குளிர் உதறுகிறது, மாத்திரையை வாங்கமாட்டேன் என்கிறான். விஷம் என்று நினைத்தான். இவர் "எந்த ஊருப்பா?" என்று தமிழில் கேட்டதும் அவன் அழுதுவிட்டானாம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இவர் ஒரு மாத்திரையை எடுத்து அவன் எதிரிலேயே வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டினார். அதற்கப்புறம்தான் அவன் விழுங்கினான்.

3 ஜூலை

நேற்றைய கதையைப் படித்து நான்கு பேர் கண்ணில் நீர் வந்ததாக எழுதியிருக்கிறார்கள். இரவு படுத்தபின் எனக்கு ஒன்று தோன்றியது. நர்ஸுகளுக்கும் தினம் ஒரு மெப்பக்ரீன் உண்டு. ஆக அன்றைக்கு அவர் விழுங்கியது அவருக்கு உரிய மாத்திரையைத்தான், விழுங்கிய இடம் மட்டும்தான் வேறு. தியாகம் என்று அப்பா சொல்லுவார். அத்தைப்பாட்டி சொல்லும்போது அது ஒரு தந்திரம், சின்னப் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற தந்திரம். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நான் அப்பா சொன்ன மாதிரி எழுதிவிட்டேன்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டவர்களுக்கு: வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

9 ஜூலை

எதிர்பார்த்த சண்டை வந்துவிட்டது. 'வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு ஊழியம் செய்தவரை எதற்குக் கொண்டாட வேண்டும், நேதாஜியோடு நின்ற பெண்களைப் பற்றி எழுதுங்கள்' என்று ஒருவர்.

எழுதலாமே. 1943 அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியது. தலைவி லட்சுமி சுவாமிநாதன், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பக்கத்துக் குடும்பங்கள் அதில் எத்தனையோ. துப்பாக்கிப் பயிற்சியும் உண்டு, நர்ஸ் பயிற்சியும் உண்டு. பர்மாவில் மேமியோ வரை போனார்கள். இம்பால் சண்டையிலிருந்து சிதைந்து திரும்பிய ஐஎன்ஏ ஆட்களை அங்கே பார்த்துக்கொண்டது அவர்கள்தான்.

ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1944 ஆடி, ஆவணி. மலைக்கு அந்தப் பக்கம் மேமியோவில் ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரி, இந்தப் பக்கம் கொமில்லாவில் ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரி. இரண்டு பேர் முன்னாலும் அதே குளிர்காய்ச்சல். வித்தியாசம், இந்தப் பக்கம் மாத்திரை இருந்தது. எதிரே கொடி வேறு என்பது எனக்கும் தெரியும், அதை மறைக்கவில்லை. ஆனால் அத்தைப்பாட்டியிடம் நான் இளவட்டத் திமிரில் ஒரு தடவை கேட்டேன், வெள்ளைக்காரனுக்கு வேலை செய்ய வெட்கமாக இல்லையா என்று. "வெள்ளைக்காரன் எங்கடா இருந்தான் என் வார்டுல? ராமநாதபுரத்தான், பஞ்சாபி, கூர்க்கா, அவ்வளவுதான்" என்றார். இதற்கு மேல் இந்தச் சண்டையில் நான் எழுதப் போவதில்லை.

10 ஜூலை

எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டு ஒன்று விட்டுப்போனது. அத்தைப்பாட்டி ஆத்திரப்பட்டுப் பேசிய ஒரே விஷயம் 1943 வங்காளப் பஞ்சம். பர்மா அரிசி நின்றது, இருந்த அரிசி விலை ஏறிப் பட்டாளத்துக்கும் பட்டணத்துக்கும் போனது. 20 முதல் 30 லட்சம் பேர் செத்தார்கள். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குப் பின்னால் வந்து நின்றவர்கள் சோறு கேட்கவில்லை. "ஃபேன், ஃபேன்" என்றார்களாம். என்னவோ விசிறி கேட்கிறார்கள் என்று இவர் முதல் நாள் நினைத்திருக்கிறார். வடிகஞ்சிக்கு வங்காளத்தில் அதுதான் பெயர்.

நம் வீட்டில் வடிகஞ்சி மாட்டுக்குப் போகிறது, இல்லை சேலைக்குப் போகிறது. அத்தைப்பாட்டி வீட்டில் அது உப்புப் போட்டுக் குடிக்கப்பட்டது, கடைசிச் சொட்டுவரை. எங்களுக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. பெயரே 'கஞ்சிப் பாட்டி'.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. குடும்பத்தோடு முக்கொம்பு போனோம், எலுமிச்சைச் சோறு, புளியோதரை, குரங்குத் தொல்லை. கொள்ளிடத்துப் பக்கம் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனதே, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நர்ஸ் கதை ஞாபகம் வந்தது. சம்பந்தம் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள்.

முக்கொம்பில் இருக்கும் இந்த மேலணையை 1836-ஐ ஒட்டிக் கட்டியவர் ஆர்தர் காட்டன். கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு போக, காவிரி மேடாகி வறண்டுகொண்டிருந்த காலம். கல்லணையைப் பார்த்து, மணலில் அணை நிற்கும் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டதாக அவரே சொன்னவர். அந்தக் காட்டனோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் யார் தெரியுமா? புளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் 1854-இல் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குப் போன, விளக்கேந்திய அதே அம்மையார்தான். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள், சண்டையில் அல்ல, சாக்கடையால் என்று 1863-இல் அறிக்கை வரவழைத்துப் பாடாய்ப் படுத்தியவர். பத்து ஆண்டில் அது 18 ஆனது. பிறகு 1877 சென்னை மாகாணப் பஞ்சம் வந்தபோது, பாசனம் செய், வாய்க்கால் வெட்டு என்று காட்டன் பக்கம் நின்று எழுதினார்.

உலகத்துப் பட்டாள நர்ஸுகளுக்கெல்லாம் தாய் நம் காவிரி அணைக்காரரின் கட்சி! அத்தைப்பாட்டியிடம் இதைச் சொல்ல முடியாமல் போயிற்று. சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியும்: "வாய்க்கால வெட்டுன, சரி. வெட்டுன குழிய யாரு மூடுறது?"

4 ஆகஸ்ட்

தலைச்சுமையாக எழுதிவிட்டேன் என்று என் தங்கை தஞ்சாவூரிலிருந்து போன் செய்தாள். 'நைட்டிங்கேல் எல்லாம் எதுக்குண்ணே, அத்தைப்பாட்டி ராத்திரி மூணு மணிக்கு எழுந்திரிச்சு நடக்கும்ல, அத எழுது' என்றாள். நியாயம்.

20 ஆகஸ்ட்

அதை எழுதுகிறேன். 1944-இன் பிற்பகுதியில் பென்சிலின் வந்தது. இன்றைக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று நாங்கள் சீட்டில் கோடு போட்டுக் கொடுக்கிறோமே, அன்றைக்கு ஊசி மட்டும்தான். உடம்பில் தங்காது, சிறுநீரில் போய்விடும். அதனால் மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவு பகலாக. இரவு ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். கடைசிக் கட்டில் முடியும்போது முதல் கட்டிலுக்கு நேரம் வந்துவிடும். தூங்குகிறவனை எழுப்பாமல் ஊசி போடும் வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கே போட்டிருக்கிறார், நான் காலையில்தான் வலித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று மணிக் கணக்கு அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து, விளக்குப் போடாமல், படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு இடையில் நடந்து போவார். கையில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நொடி நிற்பார். விருந்துக்கு வந்தவர்கள் பயந்து அலறிய கதையும் உண்டு, அதை வைத்து வீட்டில் மோகினி என்று கேலியும் உண்டு. நானும் சேர்ந்து கேலி செய்திருக்கிறேன்.

கல்யாணம்? அந்தக் கேள்வி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. பட்டாளத்தில் இருந்த பெண்ணை யார் கேட்டு வருவார்கள். கேட்டு வந்த ஒருவரை இவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முற்றத்தில் துப்பினாராம்.

8 செப்டம்பர்

வேளாங்கண்ணி போய்விட்டு வந்தேன். தெற்கே கோடியக்கரைச் சாலையில் கஜா அடித்த தென்னை இன்னும் மொட்டையாக நிற்பதைப் பார்த்தேன், அதில் 1952 ஞாபகம். நவம்பர் 30 ராத்திரி அடித்த புயல். எங்கள் வட்டாரத்தில் கிழவர்கள் வயது சொல்வதே 'புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி' என்றுதான்.

மறுநாள் காலையில் அத்தைப்பாட்டி முதலில் செய்தது கிணறுகளைக் கணக்கெடுத்ததுதானாம். செத்த ஆடு மாடு விழுந்த கிணறு எது, விழாதது எது. விழுந்ததில் வாளி இறக்கக்கூடாது என்று குறுக்கே மூங்கில் கட்டிவிட்டார். கோயில் அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, வரிசையில் நிறுத்தி ஊற்றினார். பெரிய வீட்டுக்கார அம்மாவும் வரிசையில்தான். சர்க்கார் ஆட்கள் ஊசியோடு வருவதற்கு நாளானது. எங்கள் தெருவில் காலரா வரவில்லை. அதற்கு இவர்தான் காரணமா என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊர் அவரை 'நர்ஸம்மா' என்றது. ஆறு வருஷம் 'அந்தப் பொம்பள' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பிரசவம் பார்த்தே அதன்பின் காலம் ஓடியது. என்னையும் அவர்தான் எடுத்தார்.

10 செப்டம்பர்

ஒருவர் கேட்கிறார்: இப்போது கடையில் மலேரியா மாத்திரை போகிறதா? எப்போதாவது. வடக்கே வேலைக்குப் போய்த் திரும்பும் பையன்கள். விட்டு விட்டு வரும் வகைக்குப் பிரிமாகுயின் 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள், இரண்டு மாதம் கழித்து உதறிக்கொண்டு வருவார்கள். முழுச்சீட்டும் வாங்கினால்தான் கொடுப்பேன் என்று சண்டை போடுகிறேன். 'வாயைத் திற' என்று சொல்லத் தோன்றும். சொன்னால் கடைக்கு யார் வருவார்கள்.

11 அக்டோபர்

நேற்று மேட்டூரை மூடிவிட்டார்கள். கடைமடையில் குறுவை கருகியது போதாதென்று சம்பாவும் சந்தேகம். எழுத மனமில்லை, ஆனால் இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, உதவித்தொகைக்கு அவர் ஏன் எழுதிப் போடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். போட்டார், 1980-களில், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. மேசையிலிருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்ட்டும்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் அத்தைப்பாட்டி தாளை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வெளியே வந்து ரெண்டு காபி வாங்கிக்கொடுக்கச் சொன்னார். ரெண்டையும் அவரே குடித்தார்.

இரண்டாவது, மெடல் நாடா. பூச்சி அரித்தது என்று ஜூனில் எழுதினேன், அதுவும் தப்பு. அவர் மார்பில் குத்தியிருந்த கடிகாரம் என் தங்கையிடம் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஊக்கிலிருந்து கடிகாரம் தொங்குகிற துணிப்பட்டை, அழுக்கேறிக் கறுத்திருந்தாலும் நிறம் தெரிகிறது: நடுவே சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள் மெலிசாக ஆரஞ்சுக் கோடு. பர்மா ஸ்டார் நாடாவேதான். வெட்டி, ஓரம் மடித்து, வெள்ளை நூலில் தைத்திருக்கிறார். பிரசவத்துக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் குத்திக்கொண்டு போனார், நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மெடலோடு சேர்த்து வைக்கலாம், கொடு என்றேன். தரமாட்டாளாம். தங்கையும் நர்ஸ்தான்.